புயல் போன பிறகு: தரைத்தள வீட்டை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

மழை விட்டுவிட்டது என்று டிவியில் சொல்லும் நேரத்தில் நம் ஹாலில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் 4 இரவு எங்கள் தெருவில் அதுதான் நிலைமை. மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. கடலோரமாகவே வடக்கே நகர்ந்து மறுநாள் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. போகிற போக்கில் கொட்டிய மழைதான் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம், புளியந்தோப்பு என்று ஊரை முக்கியது.

புயல் வருவதற்கு முன்னால் என்ன வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புயல் போன பிறகு வரும் பத்துப் பதினைந்து நாளைப் பற்றித்தான் பேச்சே இல்லை. 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றையும் தரைத்தளத்தில் குடியிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த நாட்களில் வெள்ளம் கெடுத்ததைவிட, அவசரப்பட்டு நாமே கெடுத்துக்கொள்வது அதிகம். நனைந்த வண்டியை உதைப்பது, ஈர சுவரில் மெயினைப் போடுவது, சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, திறந்ததும் உள்ளே இறங்குவது எல்லாம் அந்த ரகம். செய்ய வேண்டிய வேலைதான், நாள்தான் தப்பு. அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் எதை எப்போது செய்வது, எதைத் தள்ளிப் போடுவது என்பதைப் பற்றியது.

முதலில்: உங்களுக்கு வந்தது எந்தப் புயல்?

காற்றுப் புயல் வேறு, மழைப் புயல் வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா காற்றுப் புயல். நடுவில் கண் கடந்தபோது கொஞ்ச நேரம் ஊரே அமைதியானது. முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை எதிர்த்திசைக் காற்று பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்களும் கம்பிகளும் அறுந்து, பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி வந்தால் உங்கள் முதல் வேலை தெருவில், வீடு காத்திருக்கும். மிக்ஜாம் மாதிரி மழைப் புயல் என்றால் தலைகீழ்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. வர்தா வந்தபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஏற்கெனவே ஏடிஎம் வாசலில் வரிசை. கரண்ட் போனதும் ஏடிஎம்மும் கார்டு மெஷினும் சேர்ந்து படுத்துவிட்டன. மிக்ஜாமில் சிக்னல் போனதால் ஜிபேயும் போனது. 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக ஒரு இரண்டாயிரம் ரூபாய் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். 500 ரூபாயை நீட்டினால் பால்காரரிடம் சில்லறை இருக்காது.

தண்ணீர் எப்போது வடியும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் துடைப்பத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

கோடம்பாக்கத்தில் மழை விட்ட மறுநாள் தெரு காய்ந்திருக்கும். வேளச்சேரியில் மழை விட்ட பிறகும் மட்டம் ஏறும். காரணம் மேட்டிலிருந்து வருகிற தண்ணீர். தென்சென்னையின் ஏரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து சேரும். அங்கிருந்து கடலுக்குப் போக முக்கிய வழி ஒக்கியம் மடுவு. அது வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே போய், கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். ஒரு காலத்தில் பரந்து கிடந்த சதுப்பு இன்று குப்பைமேடும் கட்டடங்களும் போக மிச்சம்தான். அண்டாவை எடுத்துவிட்டுச் சொம்பை வைத்தால் என்ன ஆகும்? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கதை வேறு: ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றின் மேல்பகுதியில் சேரும்போது அங்கே ஏறும், மேலே ஏரி வழிவது நின்றால் இறங்கும்.

கடலும் கதவைச் சாத்தும். புயல் கரைக்கு அருகில் நிற்கும்வரை கடல்மட்டம் உயர்ந்து, ஆற்று வாயில் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. புயல் நகர்ந்த பிறகும் ஓதம் (கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறும் நேரத்தில் வடிகால் மந்தமாகும், இறங்கும் நேரத்தில் வேகம் பிடிக்கும். ஆகவே "காலையில் ஒரு சாண் குறைந்தது, மத்தியானம் குறையவே இல்லையே" என்று பதறத் தேவையில்லை.

நாங்கள் செய்வது இது. கேட் தூணில் தண்ணீர் மட்டத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு, பக்கத்தில் மணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கோடு. மிக்ஜாமின்போது எங்கள் தூணில் டிசம்பர் 5 காலை ஆறு கோடுகள், எல்லாமே ஒன்றின்மேல் ஒன்று. மாலையில்தான் முதல்முறையாகக் கோடு கீழே இறங்கியது. மாடி வீட்டு மாமி அங்கிருந்தே, "தம்பி, இறங்குச்சா?" என்று மணிக்கொரு தரம் கேட்பார். தொடர்ந்து மூன்று கோடு இறங்கினால் சுத்தம் செய்யத் தயாராகலாம். தெருத் தண்ணீர் வாசற்படிக்கு மேலே இருக்கும்போது மோட்டார் வைத்து வீட்டுத் தண்ணீரை இறைப்பது டீசலுக்குப் பிடித்த கேடு. இறைத்தது அப்படியே திரும்பி வரும்.

அடித்தள பார்க்கிங் உள்ள அடுக்குமாடிகளுக்கு ஓர் எச்சரிக்கை. சுற்றியிருக்கும் மண் ஊறிக் கிடக்கும்போது அடித்தளத்தை ஒரே மூச்சில் வற்ற இறைத்தால், வெளியிலிருந்து மண் தள்ளும் அழுத்தத்துக்கு எதிராக உள்ளே ஒன்றும் இருக்காது. சுவர் பிளக்கும். நாளுக்குக் கொஞ்சமாக இறக்குங்கள்.

சுத்தம் செய்யும் முன் போட்டோ

தண்ணீர் நிற்கும்போதே ஒவ்வொரு அறையையும், வண்டியையும், பிரிட்ஜையும், சுவரில் தண்ணீர்க் கோட்டையும் படமெடுங்கள். ஒரு படத்தில் நம்பர் பிளேட் தெரியட்டும், ஒன்றில் வீட்டு எண். இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது நீங்கள் வீட்டைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தால், சேதம் எங்கே என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைத் தவறவிட்டு நான் 2015-ல் ஒரு தொகையை இழந்தேன்.

கரண்ட்: அவசரமே கூடாத இடம்

தெருவில் தண்ணீர் நிற்கும்போது ஈபி சப்ளையை வேண்டுமென்றேதான் நிறுத்துகிறது. சென்னையில் பல இடங்களில் கேபிள் பூமிக்கடியில். அதிலிருந்து வீடுகளுக்கு இணைப்பைப் பிரிக்கும் தெருமுனைப் பெட்டி, பில்லர் பாக்ஸ், முழங்கால் உயரத்தில். அது மூழ்கியிருக்கும்போது சப்ளை கொடுத்தால் தெருவே மின்சாரம் பாய்ந்த தொட்டி. ஆகவே பக்கத்துத் தெருவில் விளக்கு எரிகிறது, நமக்கு இல்லை என்று லைன்மேனைச் சுற்றி வளைத்துச் சண்டை போடாதீர்கள். அவர் மூன்று நாள் தூங்காமல் வந்து நிற்பார். ஈபியின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அழைக்கும்போது உங்கள் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் புகார் பதியும் வேலை இழுக்கும். அறுந்த கம்பி கிடந்தால் அது உயிரோடு இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள், ஈரத் தரையில் பத்து மீட்டராவது தள்ளி நின்று, மற்றவர்களையும் நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் நாங்கள் பின்பற்றும் வரிசை:

1. தெருவில் சப்ளை வருவதற்கு முன்பே உங்கள் மெயின் இறக்கப்பட்டிருக்க வேண்டும். மெயின் பெட்டிக்குப் போகத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் தொடாதீர்கள். ஈபி ஆளைக் கூப்பிடுங்கள்.

2. இன்வெர்ட்டரை மறக்காதீர்கள். ஈபி இல்லாவிட்டாலும் அது வீட்டு வயரில் 230 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஈர பிளக்கைத் தொடுபவர்களுக்கு ஆபத்து இங்கிருந்துதான்.

3. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருந்த எல்லா ஸ்விட்ச் பாக்ஸையும் திறந்து காய விடுங்கள். உள்ளே சகதி தங்கியிருக்கும். ஒரு நாள் வெயில் போதாது.

4. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தையும் லீக்கேஜையும் பார்த்த பிறகு, முதலில் லைட், பிறகு ஃபேன், கடைசியாகக் கீழ் பிளக்குகள் என்று ஒவ்வொரு எம்சிபியாக (மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் தனி ஸ்விட்ச்) ஏற்றச் சொல்லுங்கள். மின்கசிவு இருந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அது தொல்லை அல்ல. எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. அதைப் பைபாஸ் செய்து கொடுக்கும் ஆளை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் டிசம்பர் 7 அன்று வந்தார். ஹால் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சார், சுவரு இன்னும் குடிச்சிட்டுதான் இருக்கு. மேல் லைட்டு மட்டும் போட்டுக்கோங்க. பிளக்குல நாலு நாளைக்குக் கை வெக்காதீங்க" என்றார். மனைவிக்கு மிக்ஸி ஓடாத கோபம். நாலு நாள் பொடி, ஊறுகாய், அம்மியில் அரைத்த துவையல். எதிர்வீட்டில் அன்று மாலையே பிரிட்ஜைப் போட்டார்கள். கம்ப்ரெஸர் ரிலே புகைந்தது.

நனைந்த பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதையும் மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை பிளக்கில் செருக வேண்டாம். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தால் போர்டிகோவிலோ படிக்கட்டடியிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். மொட்டைமாடி அல்லது திறந்த வாசல், ஜன்னலிலிருந்து தள்ளி.

சம்ப்பும் குடிநீரும்

வெள்ளம் வந்த வீட்டில் சம்ப்புக்குள் போயிருப்பது மழைத்தண்ணீர் மட்டுமல்ல, சாக்கடையும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் முழுதாக இறைத்துவிட வேண்டும். ஆனால் மூடியைத் திறந்தவுடன் ஆள் இறங்கக் கூடாது. மூடிக்கிடந்த, கழிவு கலந்த சம்ப்பில் காற்று கெட்டிருக்கும். முதல் ஆள் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழும் செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மூடியைத் திறந்துவைத்து, நன்றாகக் காற்றாட விட்டு, முடிந்தவரை மேலே நின்றே நீளக் குச்சித் துடைப்பத்தாலும் ஹோஸாலும் கழுவுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தொழிலாக இதைச் செய்பவர்களை, காற்றடிக்கும் கருவியோடு கூப்பிடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் பாதாளச் சாக்கடைக்கும் ஆளை இறக்குவது சட்டப்படியே குற்றம். அடைப்பென்றால் 1916-ல் குடிநீர் வாரியத்துக்குச் சொல்லி இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

கழுவி, ப்ளீச்சிங் கரைசலால் சுவரைத் தேய்த்து, அலசி, அந்தத் தண்ணீரையும் இறைத்த பிறகு புதுத் தண்ணீர். 1000 லிட்டருக்கு 4 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர் போதும். அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் சேர்த்து, ஒரு மணி நேரம் விட வேண்டும். லேசாகக் குளோரின் வாடை வந்தால் சரி. அதற்குப் பிறகும் ஒரு வாரத்துக்குக் குடிப்பதைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ப்ளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிடைக் கலக்காதீர்கள். கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும்.

சகதி: ஈரத்தோடு தள்ளுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் பொறுமை. இதற்கு மட்டும் வேகம்.

வெள்ளம் வடியும்போது ஒரு விரற்கடை சகதியை விட்டுப் போகும். கறுப்பாக, வழவழவென்று, சாக்கடை நாற்றத்தோடு இருக்கும். தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும்போதே அதைக் கலக்கி, தண்ணீரோடு சேர்த்து வாசலுக்குத் தள்ளிவிட வேண்டும். நீளத் தென்னந்துடைப்பமும் ரப்பர் தள்ளியும் போதும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் டைல்ஸ் இடுக்கில் காய்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு கரண்டியால் சுரண்ட வேண்டும். 2015-ல் நாங்கள் அப்படிச் சுரண்டினோம். கதவு நிலையடியும் பீரோவுக்கு அடியும் ஜன்னல் தண்டவாளமும் எல்லோரும் மறக்கும் இடங்கள்.

பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். கண்ணாடித் துண்டு மட்டுமல்ல, பாம்பும் இருக்கும். பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்போ சாரையோதான். ஆனால் எது என்று கையில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். கடித்தால் கீறுவது, கட்டுவது எல்லாம் விட்டுவிட்டு, அந்தக் காலையோ கையையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை.

எதைத் தூக்கிப் போடுவது? நனைந்த பஞ்சு மெத்தை, ஃபோம் மெத்தை, தலையணை மூன்றும் போகட்டும். வெயிலில் போட்டால் மேலே காயும், உள்ளே அழுகும். ஊறிய பிளைவுட் அலமாரி உப்பினால் திரும்பாது. அரிசி மூட்டையின் அடி நனைந்திருந்தாலும் முழு மூட்டையும் போனதுதான், மனசு கேட்காது, தெரியும். தேக்கு, இரும்பு, எவர்சில்வர், பித்தளை எல்லாம் பிழைக்கும். கேஸ் சிலிண்டர் மிதந்திருந்தால் ரெகுலேட்டரையும் டியூபையும் மாற்றாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்; வாடை வந்தால் 1906.

வண்டி

நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் கை அரிப்பை அடக்கினால் பாதிப் பணம் மிச்சம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸ் பக்கமும் இங்கேதான் சிக்கல். முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குக் கொடுக்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனது என்றால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாதவர்களுக்குப் பொதுவாகக் கையை விரிப்பார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் எதுவும் வராது. பேட்டரி ஒயரைக் கழற்றி, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்தே ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள்.

பைக்கில் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆயில், பிளக், ஏர் பில்டர், பெட்ரோல் எல்லாம் மாற்றிய பிறகுதான் உதைக்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. நனைந்த பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். வீட்டை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் நிறுத்துங்கள்.

காகிதங்கள்

பத்திரமும் மார்க்‌ஷீட்டும் நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள், அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காமல், இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாளோ பருத்தித் துணியோ செருகி, நிழலில் ஃபேன் காற்றில் காய வையுங்கள். செருகியதை அவ்வப்போது மாற்றுங்கள். உடனே பிரிக்க நேரமில்லையென்றால் கவரில் போட்டு, கரண்ட் இருக்கும் உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பூசணம் பிடிக்காமல் காத்திருக்கும். லேமினேட் செய்ததற்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஓரத்தை வெட்டிக் காற்று போக விடுங்கள்.

போனது போனால் பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழை மாநகராட்சித் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்; ஆதாரும் அப்படியே; பட்டா ஆன்லைனில் கிடைக்கும்; பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையில் கேட்டு வாங்கலாம். 2015-லும் 2023-லும் இழந்த ஆவணங்களுக்காக அரசே சிறப்பு முகாம் நடத்தியது. அறிவிப்பு வரும்வரை காத்திருந்து முகாமில் போனால் அலைச்சல் குறைவு.

பால், மருந்து, வேலைக்காரம்மா

முதல் மூன்று நாள் ஊரில் பஞ்சம் என்றால் அது பாலுக்குத்தான். மிக்ஜாமில் அரை லிட்டர் பாக்கெட் விலை அச்சிட்டதைவிடப் பல மடங்கு போனது. ஒரு பால்பவுடர் டப்பா அலமாரியில் இருந்தால் இந்தக் கூத்தில் நீங்கள் நிற்க வேண்டாம். கரண்ட் இல்லாத பிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் நாலு மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு மீனும் கறியும் வேண்டாம். இட்லி மாவு புளித்தால் ஊத்தப்பம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் தண்ணீர் நிரம்பிய மண்பானைக்குள் சொட்டுப் புகாத கவரில் போட்டு நிழலில் வைக்கலாம். பிரித்த பாட்டில் சாதாரண அறைச் சூட்டில் நான்கு வாரம்வரை தாங்கும், பிரிக்காததற்குத்தான் குளிர்ச்சி வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், கேட்டால் சிலருக்குப் பிடிக்காது. நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காக்கள் பலர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஆற்றோரத்துக் குடிசைகளை வெள்ள ஆபத்தென்று அகற்றிக் கொண்டுபோய் வைத்த இடமே சதுப்பின் விளிம்பு. நம் வீட்டைவிட அங்கே தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும். ஒரு வாரம் வரவில்லையென்று சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். "அக்கா, உங்க வீட்டுல தண்ணி வடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் நம் பாத்திரத்தைப் பற்றிப் பேசலாம்.

தெரு

சாய்ந்த மரத்துக்கு 1913-ல் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். வர்தாவில் சாய்ந்தவற்றில் வேர் ஆழமில்லாத குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் நிறைய. வேம்பும் புங்கமும் பல தெருக்களில் கிளை முறிந்தாலும் நின்றன. மாற்று நடும்போது இதை நினைவில் வையுங்கள். கம்பிமேல் கிடக்கும் மரத்தை இளைஞர்கள் சேர்ந்து அறுக்கக் கிளம்புவார்கள். ஈபி ஆள் வந்து சப்ளை இல்லை என்று உறுதி சொல்லும்வரை ரம்பத்தை ஒளித்து வையுங்கள். வேரில் மண்ணோடு சாய்ந்த சிறு மரமென்றால் கிளையைக் கழித்து நிமிர்த்தி நடலாம், பல பிழைக்கும்.

மெத்தை, சோபா எல்லாவற்றையும் தெருமுனை மழைநீர் வடிகால் வாய்மேல் குவிக்காதீர்கள். அடுத்த மழை நாலு நாளில் வரும், டிசம்பர் இன்னும் முடியவில்லை. சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாமல் போலீஸ் அறிவிப்பைப் பாருங்கள்; கணேசபுரமும் அரங்கநாதனும் ஒவ்வொரு மழைக்கும் முதலில் மூடும், கடைசியில் திறக்கும்.

உடம்பு: ஐந்தாம் நாளுக்குப் பிறகு

முதலில் வருவது சேற்றுப்புண். விரலிடுக்கைக் கழுவித் துடைத்து உலர வைப்பதுதான் பாதி மருந்து. சுகர் உள்ளவர்கள் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுங்கள். கீறலோ ஆணி குத்தலோ இருந்தால் டிடி ஊசியை (டெட்டனஸ் தடுப்பூசி) பற்றிக் கேளுங்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை காய்ச்சல் வந்தால் சும்மா பாராசிட்டமாலோடு விடாதீர்கள். கண் சிவந்து, கெண்டைக்கால் வலி பிடித்துக்கொண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் நின்றவர்களுக்கு வருவது. டாக்டரிடம் "மூணு நாள் தண்ணியில நின்னேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் தாமதம் ஆகிறது.

டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை; நல்ல தண்ணீரில் வளரும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே ஏழாம் நாள் வீட்டைச் சுற்றி ஒரு நடை: டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடித் தார்ப்பாய். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது, அதை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் கொசுப்புழு அங்கேதான் இருந்தது.

நிவாரணம்

2023-ல் சென்னையிலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களில் பாதித்த பகுதிகளிலும் குடும்பத்துக்கு 6000 ரூபாய் ரேஷன் கடை வழியாக, டோக்கன் கொடுத்து, ரொக்கமாகத் தந்தார்கள். கார்டு சொந்த ஊரில் இருக்கும் வாடகைக்காரர்கள் தனியாக மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. கேஸ் பில், வாடகை ஒப்பந்தம் என்று இந்த முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தாள் நனையாத இடத்தில் இருக்கட்டும். டோக்கனில் எழுதிய நாள், நேரம் தவிர வேறு நேரத்தில் போய் நிற்காதீர்கள். அந்த வரிசை நகராது.

கடைசியாக, சுவர்

டிசம்பரில் நனைந்த வீட்டுக்குப் போகி வரும்போது வெள்ளையடிக்க ஆசை வரும். பெயிண்டரும் வரத் தயாராக இருப்பார். வேண்டாம். செங்கல் குடித்த தண்ணீர் மாதக்கணக்கில்தான் வெளியேறும். அதன்மேல் பெயிண்ட் பூசினால் உப்புப் பூத்து, கொப்புளம் கொப்புளமாக உரியும். உப்பை மட்டும் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சித்திரை வெயில் ஏறிய பிறகுதான் நாங்கள் அடித்தோம்.

அப்போதும் ஹால் சுவரில் தண்ணீர்க் கோடு இருந்த இடத்தில் ஒரு சாண் மட்டும் பூசாமல் விடச் சொன்னேன். பெயிண்டர் சிரித்தார். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்ததும் அதைத் தொட்டுக் காட்டி, இதற்கு மேலே இரண்டு அடி விட்டு எல்லாப் பிளக்கையும் ஏற்றிவிடுங்கள் என்றேன். டேப்பை எடுத்து அளந்தார்.